கெயினைக் குறைங்க சாமிகளா!

முதல்லயே சொல்லிடறேன், மெட்டல் வாசிக்கிற மக்கள் கோச்சுக்க வேண்டாம். உங்களுக்கு கெயின் வேணும், நல்லா வச்சுக்குங்க. நான் வம்புக்கு இழுக்கிறது வேற கோஷ்டியை. கிளாசிக் ராக் வாசிக்கிறேன்னு சொல்லிட்டு, கெயினை 10ல வச்சு, மிட்டை 0வுக்கு இறக்கி, பேஸையும் ட்ரெபிளையும் முழுசா திருகிவிட்டு, "ஏசி/டிசி சவுண்டு வரமாட்டேங்குது மச்சி, புது பெடல் வாங்கணும்"னு புலம்பறாங்களே, அவங்களை.

வாங்கினாலும் வராது. ஏன்னா அந்த சவுண்டுல அவ்வளவு கெயினே கிடையாது!

நம்பலையா? 'பேக் இன் பிளாக்' (1980) ஆல்பத்தை ஹெட்போன்ல போட்டு, வலது காதுல இருக்கறதை மட்டும் கழட்டிடுங்க. இடது பக்கம் கேக்குறது மால்கம் யங். சுத்தமான சவுண்டுக்கு ஒரு படி மேல, அவ்வளவுதான். கார்டுல ஒவ்வொரு கம்பியும் தனியா காதுல விழும். அந்த முரட்டுத்தனம் தடிமனான கம்பியில இருந்தும், ஓங்கி அடிக்கிற வலது கையில இருந்தும் வருது. வலது பக்கம் தம்பி ஆங்கஸும் சேரும்போதுதான் நமக்கு மலை மாதிரி தெரியுது.

அதுக்கு முந்தின காலம் இன்னும் மோசம். 1964ல 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கோனையே பிளேடால கிழிச்சார். 1966ல ஜான் மேயால் ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் லெஸ் பாலை மார்ஷல்ல சொருகி, மேடையில வைக்கிற வால்யூமை ஸ்டூடியோவுலயும் வச்சார். அந்தப் பழைய மார்ஷல்ல மாஸ்டர் வால்யூம் கிடையாது. சவுண்டு உடையணும்னா வால்யூமை ஏத்தித்தான் ஆகணும். பவர் வால்வும் ஸ்பீக்கரும் சேர்ந்து திணறும்போது வர்ற சவுண்டு அது. ப்ரீஆம்ப் கெயினை மட்டும் ஏத்தினா வர்றது கொசு ரீங்காரம்.

சரி, கெயின் அதிகமானா என்ன கெட்டுடும்?

1. பல நோட்டு சேர்ந்த கார்டை உடைச்சா, அந்த அதிர்வெண்களைக் கூட்டியும் கழிச்சும் புதுப்புது சத்தங்கள் முளைக்கும். ரெண்டு நோட்டு பவர் கார்டுல இது அழகா பொருந்தும். ஆறு கம்பி ஓபன் கார்டுல கூழ்தான்.

2. தடவினாலும் அறைஞ்சாலும் ஒரே அளவு சத்தம். அப்புறம் கைக்கு என்ன மரியாதை?

மிட் விஷயம் தனிக்கதை. ரூம்ல சத்தம் கம்மியா வாசிக்கும்போது பேஸும் ட்ரெபிளும் நம்ம காதுக்குக் குறைவாத்தான் கேக்கும். அதனால அது ரெண்டையும் ஏத்தி வச்சா பிரமாதமா இருக்கும். அதே செட்டிங்கோட மேடை ஏறுங்க. கீழே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பல். கிடாருக்கு மிச்சம் இருக்கிற ஒரே இடம் நடுவுல. அதையும் நீங்களே வெட்டிட்டா? பையனைப் பாக்க வந்த அம்மா, "நீ வாசிச்சியாப்பா?"ன்னுதான் கேப்பாங்க. உடனே நீங்க வால்யூமை ஏத்துவீங்க, பேஸ் ஆளு ஏத்துவான், பாவம் பாடுறவன் தொண்டை கிழியும்.

எல்லாத்தையும் 5ல வச்சா ஃப்ளாட்டுன்னு நினைக்காதீங்க. மார்ஷல், ஃபெண்டர் மாதிரி ஆம்ப்ல நடுவுல வச்சாலே மிட் கொஞ்சம் பள்ளமாத்தான் இருக்கும்.

செஞ்சு பாருங்க: பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5. கிடார் வால்யூம் 10. ஒரு ஏ கார்டை ஓங்கி அடிச்சுக்கிட்டே கெயினை 0ல இருந்து மெதுவா ஏத்துங்க. ஓங்கி அடிச்சா உடையணும், தடவினா தெளியணும். அந்த இடத்துல கையை எடுத்துடுங்க. ரிதம் வாசிக்க கிடார் வால்யூம் 7, சோலோவுக்கு 10. கிடார்ல வால்யூம் நாப்னு ஒண்ணு வச்சிருக்கிறது அழகுக்கு இல்லைங்க! ஆம்புக்கு ஆம்ப் நம்பர் மாறும், அதனால கடைசி முடிவை பாண்டோட சேர்ந்து வாசிக்கும்போது எடுங்க.

"ஹாஸ்டல்ல 100 வாட் ஆம்பை அலற விட முடியுமா?" நியாயமான கேள்விதான். சின்ன ஆம்ப் போதும். 1969ல வந்த லெட் செப்பலினோட முதல் ஆல்பத்துல ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசிச்சது ஒரு டெலிகாஸ்டர், ஒரு சின்ன சுப்ரோ ஆம்ப். மென்பொருள் ஆம்ப்லயும் இதே விதிதான்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். கெயின் ஒரு போர்வை. டைமிங் தப்பினாலும், விரல் சரியா அழுத்தாட்டியும் உள்ளே மூடிக்கும். குறைச்சா எல்லாம் வெட்டவெளிச்சம். அதுக்குப் பயந்துதான் வீட்டுல இருந்து வர்ற காசு மாசாமாசம் பெடல் கடைக்குப் போகுது.

அந்தக் காசுல நாலு செட் கம்பியும் ஒரு மெட்ரோனோமும் வாங்குங்க. போர்வையை எடுத்துட்டு ஒரு மாசம் வாசிங்க. அப்புறமும் பெடல் வேணும்னு தோணினா, தாராளமா வாங்குங்க. நான் தடுக்கல.