பேராசிரியர் அறைக் கதவு



சென்ற திங்கள் இப்பக்கத்தில் கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்துவிட்டுத் தில்லியில் அரசாங்க அலுவலகமொன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதினார். அவருடைய மகள் இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிக இயலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு முடிந்தவுடன் இங்கிலாந்து சென்று, ஓராண்டில் மேற்பட்டம் பெற்று வரவேண்டுமென்பது அவளது விருப்பம். அதன் பொருட்டு மன்னார்குடிக்கு அருகில் தமக்குப் பாகமாக வந்த ஒன்றரை ஏக்கர் நன்செய்யை விற்றுவிட நண்பர் தீர்மானித்து, முன்பணமும் வாங்கிவிட்டார். “இங்கே கல்வி பெயரளவில்தான் இருக்கிறது, உண்மையான கல்வி அங்கேதான். தாங்களும் அவ்வாறுதானே எண்ணுகிறீர்கள்?” என்பது கடிதத்தின் கடைசி வரி.

ஆம் என்றோ இல்லை என்றோ ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். ஆனால் விற்ற நிலம் திரும்பி வராது. ஆகவே தந்தையும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்க நூலகத்துக்கு வரவேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். வந்தார்கள்.

“ஏனம்மா, இங்குள்ள கல்லூரியில் உனக்கு என்ன குறை?” என்றேன்.

“ஒன்றும் கற்றுத் தருவதில்லை, மாமா. குறிப்புகளைச் சொல்கிறார்கள், எழுதிக்கொள்கிறோம். தேர்வில் அதைத் திருப்பி எழுதுகிறோம். இங்கிலாந்தில் ஆசிரியரோடு உட்கார்ந்து வாதம் செய்யலாமாம்.”

“உன் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர்?”

“பதினொருவர்.”

“இந்த இரண்டு ஆண்டில், வகுப்புக்கு வெளியே அவர்களில் எத்தனை பேரிடம் பௌதிகம் பேசியிருப்பாய்?”

அவள் தன் தந்தையைப் பார்த்தாள். பிறகு, “எதற்குப் பேசவேண்டும், மாமா?” என்றாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. அவள்மீது குற்றமும் இல்லை. நம் கல்விமுறை பிறந்த கதை அப்படிப்பட்டது.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. அவற்றுக்கு மாதிரியாக அமைந்தது, 1836-இல் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம். ஆக்ஸ்போர்டு அன்று, கேம்பிரிட்ஜும் அன்று. அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் இடமாகவே இருந்தது. அவ்வச்சிலேயே இங்கும் வார்த்தார்கள். கல்லூரி கற்பிக்கும், பல்கலைக்கழகம் சோதிக்கும். கற்பித்தவர் வினாத்தாள் எழுதுவதில்லை. வினாத்தாள் எழுதியவர் மாணவனின் முகத்தைக் கண்டதில்லை. இந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் முன்னுள்ள கேள்வி ஒன்றே ஒன்றாயிற்று: கண்ணுக்குத் தெரியாத அந்தப் பரீட்சகர் என்ன கேட்பார்? இந்த மூச்சிலேயே நாம் வளர்ந்தோம். தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தன, பருவத்தேர்வுகள் வந்தன, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டித் தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பும் வந்தது. ஆயினும், பழைய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

இங்கிலாந்தின் முறையை அந்தப் பெண் கேள்விப்பட்டிருந்தது தவறன்று. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஓர் ஆசிரியரின் முன் இரண்டு மூன்று மாணவர்கள் அமர்ந்து, அவ்வாரம் தாங்கள் எழுதிய கட்டுரைக்கோ போட்ட கணக்குக்கோ மறுமொழி சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. படிக்காமல் போனால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். ஆனால் அம்முறை முக்கியமாக இளநிலை மாணவர்க்கு உரியது. மேலும், அது இங்கிலாந்து முழுவதற்கும் உரிய முறையும் அன்று. பிற பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டு மேற்படிப்பு என்பது பெரிய விரிவுரை மண்டபமும், சில சிறு வகுப்புகளும், கோடையில் எழுதும் ஓர் ஆய்வேடும்தான். செப்டம்பரில் போய் இறங்கினால், குளிருக்கும் கடைவீதிக்கும் பழகுவதற்குள் முதற்பருவம் முடிந்துவிடும். கட்டணமும் உணவும் உறையுளும் சேர்த்து 25 இலட்சத்துக்குள் அடங்குவது அரிது.

ஜெர்மனியின் முறை வேறு. 1810-இல் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் முயற்சியால் பெர்லினில் எழுந்த பல்கலைக்கழகம், ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றே என்ற கொள்கையை நிலைநாட்டியது. ஆசிரியர் தாம் தேடிக்கொண்டிருப்பதையே மாணவரோடு சேர்ந்து தேடுவார். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பிறநாட்டு மாணவரிடமும் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கொரு சிறு தொகை மட்டும் உண்டு. பாடன்-வியூர்ட்டம்பர்க் என்ற மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. இதைச் சொன்னதும் நண்பரின் முகம் மலர்ந்தது. ஆனால் ஜெர்மனியைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு மனமில்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே குழந்தைகளைப் பிரித்து, இன்னார் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பள்ளிக்கு, இன்னார் தொழிற்கல்விக்குச் செல்லும் பள்ளிக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். பிழைப்புக்காகத் துருக்கியிலிருந்து 1961-க்குப் பின் வந்து குடியேறியவர்களின் குழந்தைகள் இந்தச் சல்லடையில் மிகவும் இடர்ப்பட்டார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்பதே அதற்குப் பெருங்காரணம். 2001-இல் வெளியான பன்னாட்டு மாணவர் ஆய்வின் முடிவுகள், பிள்ளையின் மதிப்பெண்ணைப் பெற்றோரின் நிலை எவ்வளவு நிர்ணயிக்கிறது என்பதைக் காட்டி, அந்நாட்டையே உலுக்கின. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியுமாகக் குழந்தை வளர்க்கும் நமக்கு இது பிறர் கதை அன்று.

அமெரிக்காவைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். 1869 முதல் நாற்பதாண்டுக் காலம் ஹார்வர்டின் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், மாணவர் தம் பாடத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் முறையை வளர்த்தார். இன்றும் அங்கே பல கல்லூரிகளில் பௌதிக மாணவர் சங்கீதமும் படிக்கலாம்; தம் முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் இறுதிவரை முடிவு செய்யாமலும் இருக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது மற்றொரு சிறிய ஏற்பாடு. ஒவ்வோர் ஆசிரியரும் வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம், தம் அறையில் மாணவருக்காகக் காத்திருப்பேன் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். அந்நேரத்தில் யாரும் போகலாம், எதையும் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், அங்கும் பல ஆசிரியர்கள் அந்நேரத்தில் தனியே உட்கார்ந்திருப்பதாகவே குறைப்படுகிறார்கள். திறந்து வைத்த கதவுக்குள்ளும் நுழையத் தயங்குவது நம் பிள்ளைகள் மட்டுமல்லர்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நான் வடக்கே ஒரு கல்லூரியில் மூன்றாண்டு படித்தேன். மூன்றாம் வரிசையில் இடப்பக்கத்து மூலை என் இடம். தேர்வுகளில் நல்ல மதிப்பெண். படிப்பு முடியும் தறுவாயில் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்தேன். என்னை நன்கறிந்த பேராசிரியர் இருவரின் கடிதம் வேண்டுமென்று விண்ணப்பத்தில் கண்டிருந்தது. துறைத்தலைவரின் அறைக்குச் சென்று நின்றேன். மூன்றாண்டில் அன்றுதான் முதன்முறை. அவர் தலைநிமிர்ந்து, “உம்முடைய பெயர் என்ன?” என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர். கடிதம் கொடுத்தார். ஒழுங்காக வகுப்புக்கு வந்தான், நன்னடத்தை உடையவன், தேர்வில் இன்ன மதிப்பெண் பெற்றான் என்று மூன்று வரி. அதற்குமேல் எழுத அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. அந்த மூன்று வரியை நெடுநாள் வரையில் அவருடைய குற்றமாகவே கருதிவந்தேன்.

இதைக் கேட்டதும் அந்தப் பெண், “இங்கிலாந்து விண்ணப்பத்துக்கும் இரண்டு கடிதம் வேண்டும், மாமா” என்று மெல்லச் சொன்னாள். தந்தைக்கு அது புதிய செய்தி.

அப்போது நான் அவளுக்குச் சொன்ன கதை ஒன்று. சுப்பிரமணியன் சந்திரசேகர் நம்மைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் 1910-இல் இலாகூரில் பிறந்தார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1928-இல் ஜெர்மானியப் பேரறிஞர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து உரையாற்றினார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலை இளைஞர் சந்திரசேகர் தாமே படித்து முடித்திருந்தார். அந்தத் துணிவில், பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைச் சந்தித்தார். அந்நூலில் உள்ள பௌதிகம் பழையதாகிவிட்டது, அதற்குப் பின் புதிய குவாண்டம் கொள்கை வந்துவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். நூலாசிரியரே இப்படிச் சொன்னால் கேட்டவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அத்துடன் விடாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சேறாதிருந்த கட்டுரையின் படியையும் அவரிடம் தந்தார். அதனைப் பற்றிக்கொண்டு மேலும் படித்த சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை 1929-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் பட்டம் பெறாத மாணவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் படித்ததும் அதே பரீட்சை முறையில்தான்.

இதனால் முறையில் குற்றமே இல்லை என்று நான் வாதிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கணிதம் தவிர்த்த பாடங்களே அவரை வீழ்த்தின. அதே மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருடைய ஆராய்ச்சியைக் கொண்டே பட்டம் அளித்தது. ஒரு முறை புறந்தள்ளியவரை மற்றொரு முறை ஏற்றுக்கொண்டது. இந்த வேறுபாடு சிறிதன்று. ஆனால் கேம்பிரிட்ஜ் தானாக அவரைத் தேடி வரவில்லை. அதற்கு முன் தம் கணக்குப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு அவர் ஏறி இறங்கிய வீடுகள் பல. நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவின் வீடு அவற்றுள் ஒன்று. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவரும் அவரேதான்.

நண்பருக்கு நான் கூறிய யோசனை இது. நிலத்தை இப்போது விற்க வேண்டாம். பெண் நான்காம் ஆண்டையும் இங்கேயே படித்து, ஓர் ஆசிரியரின் கீழ்ச் சிறு ஆராய்ச்சி ஒன்றைச் செய்யட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, பள்ளியும் கல்லூரியுமாகப் பதினாறு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. நான்காம் ஆண்டு அதற்கும் உதவும். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் போன்றவை கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்க்கு ஆய்வுப் பயிற்சி தருகின்றன; அவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும். வகுப்பில் விளங்காத பகுதிக்கு, தொழில்நுட்பக் கழகங்கள் இணையத்தில் இலவசமாக அளித்துவரும் விரிவுரைகள் இருக்கின்றன. பிறகு ஜெர்மனியோ, இந்நாட்டு ஆராய்ச்சி நிலையங்களோ, இங்கிலாந்தேயோ, அவள் உபகாரச் சம்பளம் பெற்றுச் செல்லட்டும். கிடைக்காவிடில் அப்போது நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நிலம் ஓடிவிடாது.

“அதற்கு முன்னால்,” என்று பெண்ணிடம் சொன்னேன், “உனக்கு உண்மையிலேயே விளங்காத ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரம் ஓர் ஆசிரியரின் அறைக்குப் போ. மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதே. தேர்வில் வருமா என்றும் கேட்காதே.”

“திட்டினால்?”

“அடுத்தவரிடம் போ. பதினொருவர் இருக்கிறார்களே.”

போனாள். முதலில் பார்த்தவர் கூட்டமிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். இரண்டாமவர், ஓர் அம்மையார், நாற்காலியைக் காட்டி அமரச்சொல்லி முக்கால் மணி நேரம் பேசினாராம். அவள் கேட்ட கேள்விக்கு விடை தமக்கும் சரியாகத் தெரியவில்லை, இருவரும் தேடிப்பார்ப்போம், வெள்ளிக்கிழமை வா என்றாராம். இதைச் சொல்லும்போது தொலைபேசியில் அந்தப் பெண்ணின் குரலில் இருந்த வியப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று உலகில் இருக்குமென்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

நண்பர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்க வந்தவர் பக்கத்து வயல்காரராம், சிறிது மனத்தாங்கல்தானாம். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது நேரில் கண்டு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.