ஃபாலோயர் வேறு, ஆடியன்ஸ் வேறு!

இந்த முறை சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சீரியஸாகப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஃபைனல் இயர் வந்துவிட்டால் எல்லா வகுப்பிலும் இரண்டு கோஷ்டி உருவாகிவிடும். ஒன்று ஆப்டிட்யூட் புத்தகமும் கையுமாகத் திரியும். இன்னொன்று "பிளேஸ்மென்ட்டா? அதெல்லாம் எதுக்குடா" என்று கேன்டீனில் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாவது கோஷ்டியில் இப்போது புதிதாக ஒரு ரகம் சேர்ந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஃபாலோயர் சேர்த்துவிட்டு, "அடுத்தது ஸ்டாண்ட்-அப் தான் மச்சி" என்கிறவர்கள். அம்மா மாதிரி, கல்யாண புரோக்கர் மாதிரி, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி கொங்குத் தமிழில் பேசி ரீல்ஸ் போடுகிறவர்கள். சிலர் உண்மையிலேயே நன்றாகச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மொக்கையாகச் செய்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, கமெண்ட் போடுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபாலோயர்கள் டிக்கெட் விற்க உதவுவார்கள். ஆனால் ஒரு காமெடியனை உருவாக்குவது முப்பது பேர் உட்காரும் சின்ன ரூம்தான். கோயமுத்தூரில் பஞ்சம் ஃபாலோயருக்கு இல்லை, அந்த ரூமுக்குத்தான்.

குசும்பு நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. 'கோயமுத்தூர் குசும்பு' என்று ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு நமக்கு அதில் பட்டா உண்டு. கவுண்டமணி உடுமலைப்பேட்டை பக்கம் வல்லகுண்டாபுரத்துக்காரர். மணிவண்ணன் சூலூர். பாக்யராஜ் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோயில். கோவை சரளாவுக்குப் பெயரிலேயே ஊர் இருக்கிறது.

நம்ம ஊர் நக்கலின் ரகசியமே மரியாதைதான். "ஏனுங், இந்த பஸ் காந்திபுரம் போகுமுங்களா?" என்று கேட்டால், "போகோணும்னுதானுங்க நாங்களும் காலைல இருந்து ஓட்டறோம்" என்று பதில் வரும். குரல் உயராது. 'ங்க' குறையாது. அடி மட்டும் சரியாக விழும்.

2005இல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' வந்தபோது இந்தக் குசும்புக்கு ஒரு புது மேடை கிடைத்தது. கோவை குணா, ஈரோடு மகேஷ், மதுரை முத்து என்று ஊரின் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு வந்தார்கள். (கோவை குணா 2023 மார்ச்சில் காலமானார். யூடியூபில் அவர் மிமிக்ரியைத் தேடிப் பாருங்கள்.) அன்றைக்கு அவர்களை ஊருக்குக் காட்டியது டிவி. இன்றைக்கு அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. காட்டும் கருவி மாறுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

"அப்போ நக்கலைட்ஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோவையிலேயே உட்கார்ந்து, கோவைத் தமிழிலேயே அரசியல் நையாண்டியும் குடும்ப அலப்பறையும் செய்து வளர்ந்த யூடியூப் குழு அது. அதிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, பிரசன்னா பாலச்சந்திரனோடு சேர்ந்து எழுதிய 'குடும்பஸ்தன்' 2025 ஜனவரியில் வெளியானது. வேலை போனதை வீட்டில் மறைக்கும் ஒரு கோவைப் பையனின் கதை. மணிகண்டன் நடித்தார், படம் நன்றாக ஓடியது. இணையத்தில் சேர்த்த பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் நல்ல உதாரணம் இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் யூடியூபில் செய்தது எழுத்து, நடிப்பு, படப்பிடிப்பு, எடிட்டிங். சினிமாவிலும் அதே நான்கும்தான். அதாவது செய்த வேலையையே பெரிதாகச் செய்தார்கள். ரீல்ஸிலிருந்து ஸ்டாண்ட்-அப்புக்குப் போவது அப்படி இல்லை, அது வேறு வேலை. ரீலில் கொஞ்ச நேரம்தான். எட்டு டேக் எடுக்கலாம், சொதப்பியதை வெட்டிவிடலாம், பின்னால் சிரிப்புச் சத்தம் கூடப் போட்டுக்கொள்ளலாம். மேடையில் ஒரு மைக், ஒரு ஆள், ஒரு மணி நேரம். மூன்றாவது நிமிடத்தில் ஜோக் செத்துவிட்டால் மிச்சம் ஐம்பத்தேழு நிமிடமும் அங்கேதான் நிற்க வேண்டும்.

ஜெயித்தவர்கள் எந்த வரிசையில் வந்தார்கள்?

அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019இல் அமேசான் பிரைமில் வந்தபோதுதான் பல பேருக்கு அவரைத் தெரிந்தது. ஆனால் அந்த நிகழ்ச்சி அதற்கு முன்பே மேடை மேடையாக ஓடித் தேறியது. மனிதர் சாஃப்ட்வேர் வேலையில் இருந்து வந்தவர். ஜாகிர் கான் 2025 ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இந்தியில் நிகழ்ச்சி நடத்தினார். அவர் டிவி போட்டியில் ஜெயித்து வெளியே தெரிய ஆரம்பித்தது 2012இல். நடுவில் பதின்மூன்று வருடம்.

ரஸ்ஸல் பீட்டர்ஸ் கதை இன்னும் பொருத்தம். கனடாவில் 2004இல் டிவிக்காகச் செய்த நிகழ்ச்சியை யார் யாரோ யூடியூபில் ஏற்றிவிட, உலகம் முழுக்கப் பரவியது. 'யூடியூப் உருவாக்கிய காமெடியன்' என்றார்கள். அவர் மேடை ஏறியதோ 1989இல். அமெரிக்காவின் மேட் ரைஃபும் அப்படித்தான். 2022இல் ஒரு டிக்டாக் வீடியோவால் ஒரே ராத்திரியில் வளர்ந்தவர் என்று பேசப்படுகிறவர். பதினைந்து வயதில் மைக் பிடித்தவர் அவர்.

உண்மையிலேயே இணையத்தில் ஆரம்பித்து மேடைக்குப் போனவர் போ பர்னம். 2006இல் பதினாறு வயதில் தன் அறையில் பாடிய பாட்டுகளை யூடியூபில் போட்டுப் புகழ் பெற்றவர். பெரிய பெரிய அரங்குகளில் நிகழ்ச்சி நடத்தினார். பிறகு மேடையிலேயே பதற்றம் தாக்க ஆரம்பித்து, பல வருடம் மேடையை விட்டே விலகி இருந்தார். 2021இல் 'இன்சைட்' என்ற நிகழ்ச்சியோடு திரும்பி வந்தார். ஒரே அறையில், தனி ஆளாக, ஆடியன்ஸே இல்லாமல் எடுத்தது. எவ்வளவு பெரிய திறமைசாலி! அவருக்கே இந்தத் தாவல் சுலபமாக இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

இது முழுக்கக் கற்பனைக் கணக்கு, உங்கள் எண்களைப் போட்டும் பார்க்கலாம். உங்களுக்கு ஒரு லட்சம் ஃபாலோயர். அதில் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பத்துப் பேர் என்று தாராளமாக வைத்தால் 10,000. அதில் நூற்றுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிக்கெட் வாங்கி வருகிறார் என்றால் 100 பேர். டிக்கெட் 299 ரூபாய் என்றால் 29,900. ஹால் வாடகை, சவுண்ட், லைட், டிக்கெட் தளத்தின் கமிஷன், முதலில் பேச வருகிற நண்பனுக்கு ஏதோ கொஞ்சம். மிச்சத்தை எண்ணிப் பாருங்கள்.

சரி, அந்த நூறு பேரும் வந்துவிட்டார்கள். நீங்கள் சுமாராகத்தான் செய்தீர்கள். அடுத்த ஷோவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? லைக் போட விரல் போதும். டிக்கெட் வாங்கியவர் பெட்ரோல் போட்டு, பார்க்கிங் தேடி, கூட இரண்டு பேரை அழைத்து வருகிறார். அவரை ஏமாற்றினால் ஏமாற்றியதுதான்.

இன்னொரு சிக்கல், ஜோக் பாட்டு மாதிரி கிடையாது. பாடகரிடம் தெரிந்த பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்போம். காமெடியனிடம் தெரிந்த ஜோக்கைக் கேட்டால் "இதை ரீல்ஸ்லயே பார்த்துட்டேன்" என்போம். அதனால் நல்ல ஜோக்கை இணையத்தில் போட்டால் மேடைக்குச் சரக்கு தீரும். போடாவிட்டால் ஃபாலோயர் வளராது. இதற்கு வழி கண்டுபிடித்துத்தான் பல காமெடியன்கள் முன் வரிசையில் இருப்பவரிடம் "என்ன பண்றீங்க? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று பேச்சுக் கொடுக்கும் கிளிப்பாகவே போடுகிறார்கள். அந்தப் பேச்சு அந்த ராத்திரியோடு முடிந்தது, அதைப் போட்டால் எழுதி வைத்த சரக்குக்குச் சேதம் இல்லை. பார்க்கிற நம் பசங்களோ அதுதான் ஸ்டாண்ட்-அப் என்று நினைத்துக்கொண்டு, எழுதவே எழுதாமல் மேடை ஏறிவிடுகிறார்கள்!

மூன்றாவது, ஃபாலோயர் வாடகை வீடு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். நேற்று வரை லட்சக்கணக்கில் ரசிகர்கள் வைத்திருந்தவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கையில் கலை இருந்தவர்கள் வேறு இடத்தில் கடை போட்டார்கள். எண்ணிக்கை மட்டும் இருந்தவர்கள் காணாமல் போனார்கள்.

எண்ணிக்கை நம்மை என்ன செய்யும்?

எனக்கு உண்மையான கவலை இதில்தான். ஃபாலோயர்கள் நம்மைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, நம்மை எழுதவும் ஆரம்பித்துவிடுவார்கள். 'ஏனுங்', 'அம்மிணி', 'கண்ணு' என்ற மூன்று வார்த்தைக்கு வியூஸ் வருகிறது என்றால், அந்த மூன்றையே மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருப்போம். ஊர்ப் பெருமை பேசினால் ஷேர் ஆகிறது, சாதிப் பெருமை பேசினால் இன்னும் வேகமாக ஷேர் ஆகிறது என்றால் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

நம்ம ஊரில் சிரிக்கவும் அழவும் எவ்வளவோ இருக்கிறது. சோமனூர் விசைத்தறி, வீட்டுக் கடன் இஎம்ஐ, பையனுக்குப் பெண் தேடி அலுத்துப்போன பெற்றோர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்த பயம். கல்யாணப் பேச்சில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் மெதுவாக "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்பதன் உள் அர்த்தம். (அந்தக் கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.) இதையெல்லாம் ஜோக்காக்க முடியும். ஆனால் முதல் தடவையே சரியாக வராது. முதல் தடவை யாரையோ புண்படுத்தும், இரண்டாம் தடவை யாருக்கும் புரியாது, பத்தாவது தடவைதான் சரியான இடத்தில் அடி விழும். அந்த முதல் ஒன்பது தடவையையும் இணையத்தில் செய்ய முடியுமா? 2025 மார்ச்சில் குணால் கம்ராவின் ஒரு வீடியோவுக்காக மும்பையில் அது பதிவான ஹாபிடாட் அரங்கத்தையே அடித்து நொறுக்கினார்கள். கிளிப் ஊரெல்லாம் போனது, அடி வாங்கியது ரூம்.

அதற்காகப் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிப் பழக ஒரு இடம் வேண்டும் என்கிறேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நண்பர்களிடம் எதையும் சொல்லிப் பார்க்கிறோமே, அந்தச் சுதந்திரத்துக்குக் கொஞ்சம் பெரிய வடிவம்.

அப்போ என்னதான் செய்யச் சொல்றே?

"ஃபாலோயர் எத்தனைன்னுதானே ஏற்பாடு பண்றவங்க முதல்ல கேட்கறாங்க?" உண்மைதான். அதனால் ரீல்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் போஸ்டராக நினையுங்கள் என்கிறேன். போஸ்டர் நன்றாக இருந்தால் கூட்டம் தியேட்டர் வரை வரும். உள்ளே படம் இருக்க வேண்டும்.

அந்தப் படத்தை எடுக்கும் இடம்தான் நமக்கு இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வார நாட்களில்கூட எங்காவது ஓபன் மைக் நடக்கும், ஒரே ஐந்து நிமிடத்தை ஒரு மாதத்தில் பல தடவை சொல்லித் தேய்க்கலாம். இங்கே பெரிய ஹாலில் பெரிய பெயர்கள் வருகிறார்கள், நாம் டிக்கெட் வாங்கிச் சிரித்துவிட்டு வருகிறோம். புதிய ஆள் சொதப்பிப் பழகுவதற்கு வாராவாரம் ஒரு நிலையான இடம் என்று விரல் விட்டு எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இதை நாமே செய்யலாம். கோவையில் கல்லூரிக்கா பஞ்சம்? நான்கு கல்லூரிப் பசங்கள் சேர்ந்தால் போதும். வாரம் ஒரு நாள், ஒரு கஃபே மாடியோ ஹாஸ்டல் மெஸ்ஸோ, முப்பது நாற்காலி, ஒரு மைக். ஆளுக்கு ஐந்து நிமிடம். பெண்களும் தைரியமாக வந்து பேசும்படி நேரமும் இடமும் இருக்க வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பான விதி, எல்லோருடைய செல்போனும் பைக்குள். யாரும் பதிவு செய்யக் கூடாது, பேசுகிறவரும் சேர்த்து.

ஒரு லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் நண்பர்களே, உங்களால் முடிந்த பெரிய உதவி இதுதான். உங்கள் பெயரைச் சொன்னால் அந்த முப்பது நாற்காலி நிறையும். முதல் வாரம் உங்களுக்காக வருவார்கள். ஆறு மாதம் கழித்தும் நாற்காலி நிறைந்திருந்தால் அப்போது வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம். அதுவரைக்கும் அந்த ஆப்டிட்யூட் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீங்க சாமி!