பின்விளக்கும் பிறர் நலமும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் பெரும்பாலன அதனைச் செலுத்துவோனுக்கே பயன்படுவன. முகப்பு விளக்கு அவனுக்கு வழி காட்டுகின்றது. பிரேக் அவனை இடர்ப்படாமல் நிறுத்துகின்றது. கண்ணாடித் துடைப்பான் மழைக்காலத்தில் அவன் பார்வையைத் தெளிவிக்கின்றது. இவற்றுள் ஒன்று பழுதுறின் அவன் அன்றே அறிந்து அன்றே செப்பஞ்செய்விப்பான். வண்டியின் பின்புறத்தே இருமருங்கும் அமைந்து, 'யான் இப்பக்கம் திரும்பப் போகின்றேன்' என்று துடித்துத் துடித்துக் கூறும் சிறு விளக்கோ அத்தகையதன்று. இண்டிகேட்டர் என உலகம் வழங்கும் அவ்விளக்கு, வண்டியினுள் அமர்ந்திருப்பவன் கண்ணுக்குப் புலனாவதில்லை. பின்னே வரும் முன்பின் அறியாதான் ஒருவனுக்காகவே அது எரிகின்றது. ஆதலின் அது அவிந்தாலும் உடையவன் அறியான்; அறிந்தாலும் விரையான். அச்சிறு விளக்கைப் பேணுதல் நாம் பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடன் என்பதும், அதன் பல்பினை மாற்றும் எளிய தொழிலை வண்டி செலுத்துவார் ஒவ்வொருவரும் தம் வீட்டு முற்றத்திலேயே செய்யக் கற்றல் வேண்டும் என்பதுமே ஈண்டு யாம் கூறப் புகுந்தவை.

இதன் இன்றியமையாமையை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்லும் சாலையையும், சென்னையினின்று புதுவை நோக்கி ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் நம் மாணவர் பலரும் அறிவர். கடற்கரைச் சாலையில் பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு முதலிய மீனவர் குடியிருப்புக்கள் சாலைக்குக் கிழக்கே, கடலை அடுத்து அமைந்துள்ளன. புதுவைப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வரும் ஒரு வண்டி இவற்றுள் ஒன்றனுக்குச் செல்ல வேண்டின், எதிர்வரும் வண்டிகளின் ஓட்டத்தைக் குறுக்கே கடந்து வலப்புறமாகத் திரும்புதல் வேண்டும். அதன்பொருட்டு அது விரைவு தணியுங்கால், பின்னே இருசக்கர வண்டியில் ஒருவன், மனைவியைப் பின்னும் மகவை முன்னும் இருத்தி வருகின்றான் என்று கொள்வோம். முன்வண்டியின் எண்ணத்தை அவன் எதனைக் கொண்டு அறிவான்? விளக்கு எரியாதாயின், 'இவ்வண்டி நிற்கப் போகின்றது போலும்' எனக் கருதி அதன் வலப்புறமாக முந்த முயல்வான். அந்நொடியிலேயே முன்வண்டியும் வலப்புறம் திரும்புமாயின் விளைவு என்னாம்! ஒரு குடும்பம் முழுவதற்கும் அவிந்துபோன ஒரு பல்பு விலையாகி விடுகின்றதன்றோ?

திரும்புமுன் குறிப்புக் காட்டும் வழக்கு இவ்விளக்கினும் பழமையானது. தொடக்கத்தில் மோட்டார் செலுத்துவோர் கையை வெளியே நீட்டியே தம் போக்கை உணர்த்தினர். அமெரிக்கத் திரைப்பட நடிகையாகிய பிளாரன்ஸ் லாரன்ஸ் என்னும் அம்மையார், 1914 ஆம் ஆண்டளவில், பொத்தானை அழுத்திய அளவில் வண்டியின் பின்னே கைபோல் எழுந்து திசை காட்டும் ஒரு கருவியை அமைத்தார். மின்னித் துடிக்கும் விளக்குகள் 1939 ஆம் ஆண்டுக்குரிய பியூக் வண்டிகளில் வந்தன. நம் நாட்டின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், இவ்விளக்கு செம்மஞ்சள் நிறத்ததாய், நிமிடத்திற்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் துடித்தல் வேண்டும் என வகுத்துள்ளன. கையின் தொழிலை விளக்கு ஏற்றுக்கொண்டது. அங்ஙனமாயின் விளக்கு அவிந்த வண்டி கையிழந்த வண்டியே என்க.

தமிழ் பயில்வார்க்கு இதன் இயல்பு மற்றொரு வகையாலும் விளங்கும். சொற்களைக் குறிப்பு என்றும் வெளிப்படை என்றும் பகுத்துணர்த்தினார் நன்னூலார். சாலையில் வேண்டுவது வெளிப்படையே. செய்யுளில் ஒரு சொல் இருபொருள் பயப்பின் அது சிலேடை என்னும் அணியாம். சாலையில் ஒரு விளக்கு இருபொருள் பயப்பின் அது கேடாம். நெடுஞ்சாலையில் லாரி செலுத்துவோர் சிலர், பின்வருவோனை 'முந்திச் செல்க' என்பதற்கும் வலப்புற விளக்கையே துடிக்க விடுகின்றனர். அதே விளக்கே 'யான் வலப்புறம் திரும்புகின்றேன்' என்பதற்கும் உரியது. இவ்விருபொருளுக்கு இடையில் அகப்பட்டு மயங்குவோன் பின்வருபவனே. பிழைபடப் பேசும் விளக்கு ஒருபுறம், ஊமையாகிய விளக்கு மற்றொருபுறம்: இரண்டும் களையத்தக்கனவே. முன்னையதற்குச் சாலையொழுக்கம் மருந்து. பின்னையதற்குச் சிறிது கைத்தொழில் மருந்து.

இனி, அவிந்த விளக்கை உடையவன் அறியுமாறு யாங்ஙனம் எனின், வண்டியே அதனைக் கூறிவிடும். முன்னும் பின்னும் 21 வாட் வீதம் இரு பல்புகள் எரியுங்கால், 12 வோல்ட்டு மின்கலத்தினின்று ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். ஒன்று அவிந்தால் அது பாதியாகக் குறையும். குறைவினை உணரும் மின்னணு ரிலே, வழக்கத்தின் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகத் துடிக்கத் தொடங்கும். செலுத்துவோன் முன்னுள்ள பலகையில் 'டிக் டிக்' என்னும் ஒலி திடீரென விரையுமாயின் அதனை அறிவிப்பாகக் கொள்ளுதல் வேண்டும். ஐயமுறின், வண்டியை ஒரு சுவரின்முன் பின்புறமாக நிறுத்தி, இருளில் சுவரின்மேல் விழும் ஒளியை நோக்கலாம். வீட்டிலுள்ள சிறுவனொருவனைப் பின்னே சற்று விலகி நிற்கச் செய்து வினவலுமாம்.

மாற்றும் முறை கடினமானதன்று. வண்டியுடன் வந்த கையேட்டை முதற்கண் படித்தல் வேண்டும். என்ஜினையும் விளக்குகளையும் நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, பல்பு ஆறும்வரை பொறுத்தல் நலம். டிக்கியைத் திறந்தால், பின்விளக்குக் கூட்டைப் பிணித்திருக்கும் ஸ்க்ரூக்கள் பல வண்டிகளில் புலப்படும். சிலவற்றில் உட்புறத்து மூடியை நீக்கினால் போதும். பல்பு பொருந்திய ஹோல்டரை இடஞ்சுழியாகச் சிறிது திருகின் அது வெளிவரும். பல்பினை உள்ளழுத்தி இடப்பக்கம் திருப்பின் அதுவும் கழலும். பக்க ஊசிகள் இல்லாத பல்பாயின் நேரே இழுத்தல் வேண்டும். அதன் உலோக அடியில் பொறித்துள்ள எண்ணைக் கண்டு அதனையே வாங்குக. ஒளிமூடி நிறமற்றதாயின் செம்மஞ்சள் நிறப் பல்பும், மூடியே செம்மஞ்சளாயின் நிறமற்ற பல்பும் இருக்கும். பி.ஒய். 21 டபிள்யூ என்னும் நிறப் பல்பின் ஊசிகள் ஒன்றற்கொன்று நேரெதிரே அமையாமல் சற்றுக் கோணி நிற்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்திவிடாமைக் காப்பே அது. பொருந்தாததை வலிந்து திணித்தல் கூடாது. புதிய பல்பைத் துணியாற் பற்றிப் பொருத்தி, கூட்டை மூடுமுன் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

கடலை அடுத்து வாழ்வார் மற்றொன்றும் கருதுதல் வேண்டும். உப்புக் காற்றால் ஹோல்டரின் உலோக முனைகளில் பச்சையும் வெண்மையுமாகிய களிம்பு படியும். பல்பு நல்லதாயினும் மின்னோட்டம் தடைப்பட்டு விளக்கு மங்கும். அக்களிம்பை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அகற்றினாலே பல விளக்குகள் உயிர்பெறும். புதிய வண்டிகள் சிலவற்றில் பிரிக்கவொண்ணாதபடி எல்.இ.டி. விளக்குகளை அமைத்துள்ளனர், அவை பணிமனைக்கே உரியன.

'இச்சிறு தொழிலுக்கு மெக்கானிக் இருக்கின்றானே. அவன் பிழைப்பில் மண்ணிடலாமா?' என வினவுவார் உளர். எஞ்சினும் பிரேக்கும் என்றும் அவன் கையனவே. அவன் பணி இதனாற் குறையாது. குறைவது காலத்தாழ்வே. 'ஞாயிறு கழியட்டும், பணிமனைக்குக் கொண்டு போவோம்' என்று தள்ளும் அவ்விரண்டு மூன்று நாட்களில்தானே வண்டி இருளில் ஊமையாய் ஓடுகின்றது? 'காவலர் கண்டால் அபராதம் விதிப்பர், அதுவே போதும்' என்பாரும் உளர். அபராதத்திற்கு அஞ்சி எரியும் விளக்கு காவலர் நிற்கும் இடம்வரையே எரியும். அயலான்மேல் அன்பு கொண்டு எரியும் விளக்கு எங்கும் எரியும். இனி, 'ஏடு பிடித்த கையால் ஸ்க்ரூ திருகுவதா?' என நாணுவார்க்கு மாமல்லபுரமே விடை கூறும். 1957 ஆம் ஆண்டு தொடங்கிய சிற்பக் கல்லூரி அவ்வூரில் உள்ளது. உளி பிடித்தலும் ஆங்குக் கல்வியே.

அவ்வூர்க் குன்றின்மேல் கருங்கல்லாற் கட்டப்பெற்று, 1904 ஆம் ஆண்டு முதல் ஒளிவீசி வரும் கலங்கரை விளக்கத்தையும் கண்டிருப்பீர்கள். அதன் ஒளி குன்றின்மேல் நிற்பவனுக்கு வேண்டுவதன்று. பெயரும் முகமும் அறியாத மாலுமிக்காகவே இரவுதோறும் அது சுழல்கின்றது. அதனைப் பேணுவோர் ஒருநாள் அயர்வராயின் உலகம் அவர்களை மன்னிக்குமா? ஒவ்வொரு வண்டியின் பின்னும் அத்தகைய சிறு கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு; அதன் காவலர் நாமே.

நண்பர்காள்! பத்துக் கன்னியரைப்பற்றி நம் பெருமான் அருளிய உவமையைச் சிற்றாலயத்தில் பன்முறை கேட்டுள்ளோம். விளக்கு எல்லார் கையிலும் இருந்தது. மிகுதி எண்ணெய் ஐவர் கையில் மட்டுமே இருந்தது. நம் வண்டியின் பெட்டியிலும் உதிரிப் பல்பொன்றும் சிறு திருப்புளியொன்றும் என்றும் இருக்குமாக. இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரும் ஆசிரியரும் தம் வண்டியின் பின்னே சென்று அவ்விரு விளக்குகளையும் இன்று மாலையே ஒருமுறை நோக்குவாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் எய்தியதாம்.