காக்காவுக்கு வைத்த சோற்றை யார் சாப்பிடுகிறார்கள்? கேரி தீவு கொல்லைப்புறத்தில் பறவைகளை அடையாளம் காண ஒரு கையேடு

சமையல் முடிந்ததும் முதல் பிடி சோற்றை மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடும் பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கேரி தீவிலும் கிள்ளானிலும் இன்றும் பல தமிழ் வீடுகளில் அமாவாசை என்றால் இது கட்டாயம்.

அதே காகம் சிலாங்கூர் நகராண்மைகளுக்குப் பெரிய தலைவலி. அவ்வப்போது துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகங்களைச் சுடுகிறார்கள். பொது இடத்தில் புறாவுக்குத் தீனி போடாதீர்கள் என்ற அறிவிப்புகளும் வருகின்றன. அப்படியென்றால் நாம் சோறு வைப்பது தப்பா? பதில் சொல்வதற்கு முன், அந்தச் சோற்றுக்கு வருவது எந்தப் பறவை என்று தெரிய வேண்டும்.

காக்கா எப்படி கிள்ளானுக்கு வந்தது?

கழுத்து சாம்பல் நிறமாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் இருந்தால் அது வீட்டுக் காகம். இந்த நாட்டுக்கு அது சொந்தப் பறவை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி இலைகளைப் புழுக்கள் தின்றன. புழுவைக் காகம் தின்னும் என்று நம்பி, சிலோனில் இருந்து வீட்டுக் காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. காகம் மட்டும் போகவே இல்லை.

கேரி தீவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய இந்தத் தீவு ரப்பரில் தொடங்கி, இன்று பெரும்பகுதி செம்பனைத் தோட்டமாக இருக்கிறது. தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களும் புழு தின்ன வந்த காகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காகக் கப்பலேறியவர்கள்.

கழுத்திலும் சாம்பல் இல்லாமல் முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு இருந்தால் அது அண்டங்காக்கை. அது உள்ளூர்ப் பறவை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு.

சோற்றுக்கு வேறு யார் வருகிறார்கள்?

மைனா: பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருந்தால் சாதாரண மைனா. கருஞ்சாம்பல் உடல், நெற்றியில் சின்னக் கொண்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லை என்றால் ஜாவா மைனா. ஜாவா மைனாவும் வெளியிலிருந்து வந்ததுதான்.

சிட்டுக்குருவி: கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருக்கிறதா பாருங்கள். இங்கே நாம் தினமும் பார்ப்பது மரச் சிட்டு. தமிழ்நாட்டில் சிட்டுக்குருவி என்பது வேறு இனம், அதற்கு அந்தப் பொட்டு கிடையாது.

புறா: கழுத்தில் சதுரங்கப் பலகை போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் புள்ளிப்புறா. உடம்பில் கோடு கோடாக, சின்னதாக இருந்தால் மலாய்க்காரர்கள் 'மெர்போக்' என்று சொல்லும் பறவை. பிரிக்பீல்ட்ஸிலும் பத்துமலையிலும் கூட்டமாகப் பறப்பது மாடப்புறா.

பச்சை மினுக்கும் கறுப்பு உடலும் ரத்தச் சிவப்புக் கண்ணும் இருந்தால் அது பளபளப்பு மைனா வகை. முழுக் கறுப்பு, சிவப்புக் கண், வெளிர்பச்சை அலகு, நீண்ட வால் என்றால்? அது ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும்.

இந்தக் குயிலும் காக்காவோடு சேர்ந்த கதைதான். தீபகற்ப மலேசியாவுக்கு முன்பு குளிர்காலத்தில் மட்டும் வந்து போன பறவை அது. வீட்டுக் காகம் பெருகிய பிறகு, அதன் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் உங்களை எழுப்பும் அந்தக் கூவலுக்கும் ஒரு வகையில் காப்பித் தோட்டப் புழுதான் காரணம்.

யார் வரவில்லை?

இதுதான் முக்கியமான கேள்வி. முராய் கம்போங் என்று இங்கே சொல்லும் குண்டுகரிச்சான் பூச்சி தின்னும். தேன்சிட்டுக்குப் பூவில் தேன் வேண்டும். மஞ்சள் பிட்டம் கொண்ட கொண்டைக்குருவிக்குப் பழம் பிடிக்கும். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீல மீன்கொத்திக்கு நண்டும் ஓணானும் வேண்டும். சதுப்புக்காடு பக்கத்திலேயே இருப்பதால் தீவில் அதை எளிதாகப் பார்க்கலாம். இவற்றில் எதுவும் சோற்றுக்காக மதிலில் உட்காராது.

ஆக, நாம் வைக்கும் சோறு மனிதரோடு வாழப் பழகிய சில இனங்களுக்கு மட்டுமே பலம் சேர்க்கிறது. அதில் காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிப் போகும். ஒரு பிடி சோறு பெரிய குற்றவாளி இல்லைதான். மூடாத குப்பைத் தொட்டியும் சந்தைக் கழிவும்தான் காகத்துக்கு உண்மையான விருந்து. அதை மாற்றாமல் சுட்டுக்கொண்டே இருந்தால், காலியான இடத்துக்கு அடுத்த காகம் வந்துவிடும்.

உடல்நலப் பிரச்சினை இருக்கா?

இருக்கு. கூட்டமாக ஒரே தட்டில் சாப்பிடும்போது பறவைகளுக்குள் நோய் பரவும். பிரிட்டனில் பச்சைப் பாடும்பறவைகள் இப்படிப்பட்ட நோயால் வெகுவாகக் குறைந்தன. 2025 தொடக்கத்தில் அங்குள்ள ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, தட்டையான தீனி மேசைகளின் விற்பனையையே நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் 2021ல் காட்டுப் பறவைகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று மனிதர்களுக்கும் வந்தது. காய்ந்த புறா எச்சத்தின் தூசி நுரையீரலைப் பாதிக்கலாம். பக்கத்தில் சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் அனுமதி இல்லாமல் காட்டு விலங்குக்கும் பறவைக்கும் தீனி போட்டால், முதல் முறை 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

பாட்டியோடு சண்டை வேண்டாம். ஒரு பிடி போதும், சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை எடுத்து இடத்தைக் கழுவிவிடுங்கள். மற்ற பறவைகள் வர வேண்டும் என்றால் செடிதான் நல்ல தீனித் தட்டு: செம்பருத்தி, வாழை, மரத்திலேயே பழுக்க விட்ட ஒரு பப்பாளி. பூச்சிமருந்தைக் குறைத்தால் குண்டுகரிச்சான் தானாக வரும்.

பெயர் தெரியவில்லையா? அளவு, அலகு, கண் நிறம், வால் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் 'மெர்லின்' செயலி, படத்தை வைத்துப் பெயரைச் சொல்ல உதவும். மலேசிய இயற்கைக் கழகத்தின் 'மை கார்டன் பேர்ட்வாட்ச்' திட்டத்தில், வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பறவைகளை எண்ணி அனுப்பலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அழகாகப் பாடுகிறதே என்று பிடித்துக் கூண்டில் போடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. கேரி தீவில் மூன்றாவது துறைமுகம் கட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. சதுப்புக்காடு போனால் மாமெரி மக்களின் வாழ்க்கையோடு மீன்கொத்தியும் கொக்கும் பாதிக்கப்படும். காகத்துக்கு ஒன்றும் ஆகாது, லாரியும் குப்பையும் இருக்கும் இடத்தில் அது நன்றாகவே வாழும். அப்போது "முன்பு இங்கே என்னென்ன பறவை இருந்தது?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை உங்கள் கொல்லைப்புறத்திலிருந்தே தொடங்கலாம்.