வாயைக் கட்டச் சொல்வது யார்?

குண்டாக இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்ல இந்த நாட்டில் எந்தப் படிப்பும் தேவையில்லை. பக்கத்து வீட்டு மாமா சொல்லலாம். ஆபீஸ் லிஃப்ட்டில் கூட வருபவர் சொல்லலாம். பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாப்பிள்ளையின் அத்தையும் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான்: “கொஞ்சம் வாயைக் கட்டும்மா!”

இந்த வாக்கியத்தின் மீது எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். பசியை அது ஒழுக்கப் பிரச்னையாக்கி விடுகிறது. ஒல்லியாக இருப்பவர் ஏதோ தவம் இருந்து அப்படி ஆனது போலவும், பருமனாக இருப்பவர் திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்டது போலவும் ஒரு நினைப்பு.

1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பெண்ணுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. அவளுக்குத் தம்பி முறையாகும் பையனுக்கு இரண்டு வயது, 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். அதற்கப்புறம் அடங்காத பசி. சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சாப்பாடு கேட்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தத் தாய்மார்கள் என்னென்ன பேச்சு வாங்கியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். “நீதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறே...”

ரத்தத்தைப் பரிசோதித்தபோது விஷயம் வெளியே வந்தது. லெப்டின் என்ற ஹார்மோன் அந்தக் குழந்தைகளிடம் அநேகமாக இல்லவே இல்லை. நம் உடம்புக் கொழுப்பே சுரக்கும் ஹார்மோன் அது. ‘இருப்பு போதுமானது இருக்கிறது’ என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-ல் குண்டு எலிகளை வைத்துக் கண்டுபிடித்தது. தகவல் வராததால் இந்தக் குழந்தைகளின் மூளை பஞ்சத்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டார்கள். பசி அடங்கியது. ஒரு வருஷத்தில் சுமார் 16 கிலோ இறங்கியது. இடையில் யாரும் அவளுக்கு மன உறுதி வகுப்பு எடுக்கவில்லை!

இப்படிப்பட்ட குழந்தைகள் மிக மிக அபூர்வம். நம் ஊர்க் குண்டர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் லெப்டினை எல்லோருக்குமான மருந்தாக்கப் பல கோடி கொட்டிய கம்பெனியின் கனவு பலிக்கவில்லை.

சரி, வாயைக் கட்டினால் என்ன ஆகிறது? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 50 பேரைச் சேர்த்துப் பத்து வாரம் கடுமையான பத்தியத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. கடைசி வரை தாக்குப் பிடித்தவர்கள் சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். சபாஷ்! ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும், வயிறு சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் பழைய நிலைக்கு இறங்கவில்லை. லெப்டின் ஏறவில்லை. பத்தியத்துக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் பசியோடு அலைந்தார்கள். இழந்த எடையை மீட்டே தீருவேன் என்று உடம்பு வட்டிக்கடைக்காரர் மாதிரி வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. இவர்களிடம் போய் ‘கட்டுப்பாடு இல்லை’ என்கிறோம்.

தூக்கத்தை விட்டுவிட்டேனே. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க அனுமதித்தார்கள். லெப்டின் 18 சதவிகிதம் குறைந்தது, கிரெலின் 28 சதவிகிதம் ஏறியது. இனிப்பு, உப்பு நொறுக்கு, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகமாகப் பாய்ந்தது. பன்னிரண்டு பேர் என்பது சின்னக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடிகாலை மூன்று மணிக்குக் கை சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடும். தூங்கவிடாமல் வேலை வாங்கிவிட்டு, கம்பெனி செலவில் ‘ஆரோக்கியமாகச் சாப்பிடுங்கள்’ என்று சொற்பொழிவும் ஏற்பாடு செய்கிறார்களே, அந்த நகைச்சுவையை என்ன சொல்ல!

‘அப்போ எல்லாமே ஹார்மோன்தானா, இஷ்டத்துக்குத் தின்னலாமா?’ என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. நம் தாத்தாவுக்கும் இதே ஹார்மோன்கள்தான் சுரந்தன. ஆனால் அவருடைய பள்ளிக்கூட வாசலில் குளிர்பான ஃப்ரிட்ஜ் இல்லை. தெருவுக்கு இரண்டு பேக்கரி இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவை வீடு தேடிக் கொண்டுவரும் பையன் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தின்றவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சௌகரியமாக இருக்கிறது.

இப்போது ஊசி வந்திருக்கிறது. குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் செமாக்ளூடைட். எடை குறைப்புக்கென்றே 2025-ல் இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சுமார் 15 சதவிகித எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருஷத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. உடனே நம்மவர்கள், “ஊசி போட்டு இளைக்கிறது ஏமாத்து வேலை” என்கிறார்கள். பி.பி. மாத்திரை போடுபவரை யாராவது ஏமாற்றுக்காரர் என்கிறோமா?

டாக்டர் மேற்பார்வையில் போடும் ஊசியைத் திட்டுகிற இதே ஜனங்கள், ‘ஹார்மோன் பேலன்ஸ்’ என்று டப்பாவில் வரும் பவுடரை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்குகிறார்கள். லெப்டின் பெயரைச் சொல்லிக்கூட வியாபாரம் நடக்கிறது. லெப்டின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பு மாதிரி செரித்துப் போய்விடும். அந்தக் கேம்பிரிட்ஜ் பெண்ணுக்கு அதனால்தான் ஊசி போட வேண்டியிருந்தது. அடுத்த முறை யாராவது அந்த டப்பாவை உங்களிடம் நீட்டினால் இதைக் கேளுங்கள்.