கையில் இல்லாததை விற்கலாமா?

 

எம் மத்ரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார், சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். கணவர் வளைகுடாவில் வேலை இழந்து ஊர் திரும்பிய பின், அவர் வாட்ஸ்அப் வழியாக அபாயா விற்றுக் குடும்பத்தைத் தாங்கி வருகிறார். சூரத்திலுள்ள மொத்த வியாபாரி அனுப்பும் படங்களை, 150 ரூபாய் கூட்டித் தம் குழுவில் பதிவிடுவார். வாங்குபவர் பணம் அனுப்பிய பிறகே மொத்த வியாபாரியிடம் ஆர்டர் கொடுப்பார். சரக்கு அங்கிருந்து நேரே வாங்குபவரின் வீட்டுக்குச் சென்றுவிடும். தாம் விற்கும் துணியை அவர் கண்ணால் காண்பதே இல்லை.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், பதினொரு பேரிடம் பணம் பெற்ற நிலையில், சரக்குத் தீர்ந்துவிட்டதென மொத்த வியாபாரி கைவிரித்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனினும் பெருநாளைக்கு உடுத்தத் துணியின்றி நின்றவர்களின் பேச்சு அவர் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. "ஹஜ்ரத், இது ஹலாலான சம்பாத்தியம்தானா?" என்றார்.

"கூடாதும்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். நான் சொன்னது தவறன்று. ஆனால் அது பாதி விடை என்பது அன்றிரவே எனக்கு உறைத்தது.

இந்தக் கேள்வி புதியதன்று. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகனும் பெரும் வணிகருமான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தம்மிடம் இல்லாத பொருளை ஒருவர் விலைக்குக் கேட்கும்போது, அதை விற்றுவிட்டுப் பின்னர் கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா என்பது அவர்களின் கேள்வி. உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்பதே நபியவர்கள் தந்த விடையின் கருத்து. அபூதாவூத், திர்மிதி, நஸயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது. கடைவீதி கைப்பேசிக்குள் வந்துவிட்டது, சட்டம் மாறவில்லை. பொருள் கிடைக்குமா, எப்படியிருக்கும், என்று வரும் என்பது விற்பவருக்கே தெரியாதபோது, அந்த இடர் முழுவதும் பணம் கொடுத்தவர் தலையில் விழுகிறது. அந்தப் பெருநாளில் நடந்ததும் இதுவே.

ஆனால் மார்க்கம் ஒரு கதவை அடைத்துவிட்டுப் பல கதவுகளைத் திறந்து வைத்துள்ளது. ஒன்று, வகாலத். மொத்த வியாபாரியின் சம்மதத்துடன் அவருடைய முகவராக இருந்து, பேசிய தரகுக் கூலியைப் பெறலாம். அல்லது வாங்குபவரின் முகவராக, "உங்களுக்காக வாங்கித் தருகிறேன், என் கூலி இவ்வளவு" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். இரண்டு, படத்தை மாதிரியாக மட்டும் காட்டி, வேண்டுவோரின் விருப்பத்தைக் குறித்துக்கொள்வது. பொருளை வாங்கித் தம் கைக்கு வந்த பிறகே விற்பனையை முடித்துப் பணம் பெறுவது. மூன்று, ஸலம். நபியவர்கள் மதீனா வந்தபோது, மக்கள் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து ஓரிரு ஆண்டுகள் காத்திருக்கும் வழக்கம் இருந்தது. அளவும் எடையும் தவணையும் தெளிவாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அதை அனுமதித்தார்கள். முழு விலையையும் முன்னரே பெற்று, துணியின் வகை, நிறம், அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்து, பொறுப்பைத் தாமே ஏற்பவருக்கு இவ்வழி உண்டு. அளவெடுத்துத் தைத்துக் கொடுப்போருக்கு ஹனஃபி மத்ஹபில் இஸ்திஸ்னா எனும் ஒப்பந்தமும் உண்டு.

அடுத்தது, படம். ஒருமுறை நபியவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்த தானியம் என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இன்று நாம் பதிவிடும் படம், குவியலின் உலர்ந்த மேற்பரப்பு. வாங்குபவரால் அதற்குள் கையை நுழைக்க முடியாது. ஆகவே ஈரத்தைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு இரட்டிப்பாகிறது. சாயம் போகுமென்றால் அதையும் எழுத வேண்டும். பார்க்காமல் வாங்கியவர் பார்த்தபின் மறுக்கும் உரிமையை ஹனஃபி மத்ஹப் அளிக்கிறது. குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமையை எல்லா மத்ஹபுகளும் அளிக்கின்றன. நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளும் குறையுள்ள பொருளைத் திரும்ப ஏற்க மறுப்பதையும், வாங்கியவர்போல் நடித்து விற்பவரே பாராட்டு எழுதிக்கொள்வதையும் தடுக்கின்றன. "எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறமாட்டோம்" என்று கொட்டை எழுத்தில் போடும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்படியெல்லாம் பார்த்தால் வியாபாரம் வெற்றி பெறுமா என்று கேட்போருண்டு. அதே ஹகீம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியில் விடை இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் அழிக்கப்படும். சிறு வணிகருக்கு விளம்பரத்துக்குப் பணமில்லை. வாங்கியவர் மறுபடியும் வருவதே அவருடைய முதல்.

அத்தாயாரை மறுபடியும் சந்தித்து இவற்றை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே சொன்னார்: "ஹஜ்ரத், கையில் வைத்து விற்க நான் முதலுக்கு எங்கே போவேன்? குழுக் கடன்தான் கிடைக்கும். அதில் வட்டி இருக்கிறதே."

எனக்குப் பதில் இல்லை. முதலில்லாதவரிடம் "வாங்கி வைத்துக்கொண்டு விற்பாயாக" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், ஒரு கூடாததிலிருந்து மீட்டு அதனினும் பெரிய ஹராமாகிய வட்டியில் தள்ளியவர்களாவோம். பின்னர், அவருடைய உறவினர் ஒருவர் 8,000 ரூபாயை அழகிய கடனாகக் கொடுத்தார். அவர் ஐந்து வகை அபாயாக்களை மட்டும் வாங்கி வைத்து, பகல் வெளிச்சத்தில் தாமே படமெடுத்து, அளவுநாடா வைத்துக் காட்டி விற்கிறார். முதல் இரு மாதங்கள் விற்பனை குறைந்தது உண்மை. இப்போது மெல்ல ஏறுகிறது. கடனில் பாதியை அடைத்துவிட்டார். பொருள் வருமோ வராதோ என்ற கலக்கம் இப்போது இல்லை என்கிறார்.

எல்லோருக்கும் அப்படியோர் உறவினர் இருப்பதில்லை. ஆகவே மஹல்லா ஜமாஅத்தார்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை, வீட்டிலிருந்து வணிகம் செய்வோருக்கு வட்டியில்லாக் கடனாக ஒதுக்குங்கள். எழுதி வாங்குங்கள், சாட்சி வையுங்கள், தவணை குறியுங்கள், ஆனால் கொடுங்கள். கூடாது என்று சொல்லும் நாவு எம்மைப் போன்றோருக்கு இருக்கிறது. கொடுக்கும் கை ஜமாஅத்திடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது முழு விடை.

வல்ல அல்லாஹ் நம் வணிகங்களை ஹலாலாக்கி, அவற்றில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.