போனஸ் மாதமும் மடிக்கணினி மாதமும்

சிவகாசி வட்டாரத்துக் கூலிக் குடும்பங்களின் கைக்கு மொத்தமாகப் பணம் வருவது வருடத்தில் ஒரு முறைதான். தீபாவளியை ஒட்டிப் பட்டாசு ஆலைகள் போனஸ் போடும். வட்டிக்கு வாங்கியதை அடைப்பது, அடகு நகையை மீட்பது, தங்கச்சி வீட்டுச் சீருக்கு எடுத்து வைப்பது என எல்லாக் கணக்கும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கும். சில வருடங்களாக அந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு லேப்டாப்.

2025 தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கணக்கு எப்படியெல்லாம் குழம்பியது என்று பார்க்க வேண்டும். செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டன. ஏசிக்கும் பெரிய டிவிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் கம்ப்யூட்டர் கடையில் போய், "அண்ணாச்சி, லேப்டாப்பும் வெல எறங்குமாம்ல?" என்று கேட்டார்கள். லேப்டாப்புக்கு ஏற்கெனவே 18 சதவீதம்தான். அது அப்படியே நின்றது. அடுத்து, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டில் கிடக்கும் பழைய கணினியை வைத்து ஓட்டிவிடலாம் என்றிருந்தவர்களுக்கு அது ஒரு நெருக்கடி. இவற்றுக்கெல்லாம் மேலாக அரசின் வாக்குறுதி இருந்தது. 2025 மார்ச் 14 அன்று நிதிநிலை அறிக்கை வாசித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார். அவர் இந்த விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதிக்காரர். நம்ம ஊர் அமைச்சர் சொல்லிவிட்டார், வந்துவிடும் என்ற நம்பிக்கை மற்ற மாவட்டங்களைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எனவே பலர் போனஸ் பணத்தை லேப்டாப்பில் போடவில்லை. அரசு கொடுக்கப்போவதற்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அது தவறான கணக்கும் அல்ல.

தீபாவளி முடிந்தது, ஆலைகள் வழக்கம்போல் மூடிக்கொண்டன. அதே நேரத்தில் உலகச் சந்தையில் ராம் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்ள, தயாரிப்பாளர்கள் லாபம் கூடுதலான அந்தப் பக்கம் திரும்பினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் நிறுவனம், பொது நுகர்வோருக்கான தன் 'க்ரூஷியல்' வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. மடிக்கணினி நிறுவனங்கள் பலவும் விலையை உயர்த்தின. புது வருடத்துக்குப் புது மாடல் வரும், பழையது விலை குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த விலைக் குறைவு வாய்க்கவில்லை. அக்டோபரில் துணிந்து வாங்கியவர் தப்பித்தார். பொறுத்திருந்தவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் யாருக்கு நட்டம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு நல்ல கணினி வைத்திருக்கும் ஒருவர் அடுத்த மாடலுக்காக ஒரு வருடம் பொறுத்தால், அவருக்கு ஒரு வருடத்தின் ஆசை மட்டும் தள்ளிப்போகிறது. வீட்டில் கணினியே இல்லாத பி.காம் மாணவி ஒரு வருடம் பொறுத்தால், அவளுடைய மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடம் போகிறது. காத்திரு, நல்லதாக வரும் என்ற அறிவுரை முதலாமவருக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டில் அதை இரண்டாமவருக்கே தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது. ஐந்தாண்டில் 68 லட்சம் பேருக்கு என்பது அன்றைய இலக்கு. கொரோனா காலத்தில் திட்டம் நின்றுபோகும்வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போய்ச் சேர்ந்தன. இலக்கு எட்டப்படவில்லை என்று குறை சொல்லலாம். ஆனாலும் இந்தியாவில் ஒரு மாநில அரசு செய்த மிகப் பெரிய கணினி விநியோகங்களில் ஒன்று அது. ஒரு தலைமுறை தட்டச்சையும் டேலியையும் அதில்தான் கற்றது.

அந்தத் திட்டத்தின் பலவீனம் தேதியில் இருந்தது. எந்த மாதம் வரும் என்று பள்ளிக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. ஒரு வகுப்புக்குப் பள்ளியில் இருக்கும்போதே கிடைக்கும். அடுத்த வகுப்பு கல்லூரிக்குப் போன பிறகும் பழைய பள்ளி வாசலுக்கு நடந்துகொண்டிருக்கும். 2017-18இல் பிளஸ் டூ முடித்தவர்கள் அப்படி நடந்தவர்கள்தான். 2019இல், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் என்று அரசு முடிவெடுத்தபோது, மாநிலம் முழுக்கப் பள்ளி வாசல்களிலும் ஆட்சியர் அலுவலகங்களிலும் முன்னாள் மாணவர்கள் போராடினார்கள். அதன்பின் 2020இல் கொரோனா வந்தது. வகுப்புகள் எல்லாம் திரைக்கு மாறிய, மடிக்கணினி உண்மையிலேயே கட்டாயமான அந்த ஆண்டில்தான் விநியோகம் நின்றது. பிறகு உலகளாவிய சில்லுத் தட்டுப்பாடு காரணமாகச் சொல்லப்பட்டது. தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் டெண்டருக்கு 2025 வரை ஆனதற்கு அது காரணமாகாது.

அந்த ஆண்டுகளை இந்த மாவட்டம் எப்படிக் கடந்தது என்பது தனிக் கதை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு ஆலை மூடினால் அன்றைக்கே வருமானம் நின்றுவிடும். அந்த அடியிலிருந்து எழும்போதே கொரோனா. ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன். அதில் அண்ணனுக்குக் காலையில் வகுப்பு, தங்கைக்கு மத்தியானம். அம்மா வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போக முடியாது, பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதியும் கிடையாது. போன் வீட்டில் தங்கியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

விருதுநகர், பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டம். மத்திய அரசின் பின்தங்கிய மாவட்டங்களுக்கான திட்டத்தில் ராமநாதபுரத்தோடு சேர்த்து 2018இல் இடம்பெற்றதும் இதே மாவட்டம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இங்குள்ள பெற்றோர்களின் மனம் புரியும். 2012இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் என்று வெடி விபத்துகளின் கணக்கு நீண்டுகொண்டே போகும் ஊர் இது. நாம் வெடிமருந்தில் கை வைத்தது போதும், பிள்ளை வைக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே பிடிவாதம். பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும் என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

லேப்டாப் கொடுத்தால் சினிமாதான் பார்ப்பார்கள், விற்றுவிடுவார்கள் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். சிலர் விற்றதும் உண்மை. ஆனால் சிவகாசியில் ஒரு கணினிக்கு என்ன வேலை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். இது பட்டாசு ஊர் மட்டுமல்ல, அச்சக ஊரும்கூட. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தீப்பெட்டிக்கு லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை, டைரி, காலண்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிசைனர் உட்கார்ந்திருக்கிறார். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும் என்பதால், வைகாசி, ஆனி மாதங்களில் டிசைன் வேலை குவியும். கோரல்ட்ராவும் ஃபோட்டோஷாப்பும் தெரிந்த ஒரு பெண், வீட்டில் ஒரு கணினி இருந்தால், படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம். அதற்குக் கணினி சித்திரைக்கு முன்னால் கைக்கு வந்து, கற்றுக்கொள்ள ஒரு வருடமாவது இருக்க வேண்டும்.

அரசு கொடுத்த பழைய கணினிகளின் இன்றைய நிலையைப் பழுது பார்க்கும் கடைகளில் பார்க்கலாம். மேல்மூடியில் படம் பாதி தேய்ந்திருக்கும். பேட்டரி செத்து, சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். கீல் உடைந்த இடத்தில் எம்-சீல் வைத்து ஒட்டியிருப்பார்கள். இரண்டு எழுத்துகள் விசைப்பலகையில் இருக்காது. முதல் வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி வட்டு; பிறகு வந்தவற்றில் 4 ஜிபி. அக்காவுக்கு வந்த பெட்டி தம்பிக்குப் போய், அவனிடமிருந்து சித்தி மகளுக்கு வந்திருக்கும். கடைக்காரர் பழைய வட்டைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு உயிர் கொடுப்பார். ஆயினும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் அதில் கிடையாது. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். அரசு கொடுத்தபோதே பாஸ் லினக்ஸ் உள்ளே இருந்தது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

2026 ஜனவரி 5 அன்று சென்னையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் புதிய விநியோகத்தைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டமாக 10 லட்சம் கணினிகள். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்பது பழைய பெட்டிகளோடு ஒப்பிட எவ்வளவோ மேல். சந்தை விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது என்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. அதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் முன்னுரிமை இறுதியாண்டு மாணவர்களுக்கு. ஜனவரியில் கணினி வாங்கும் இறுதியாண்டு மாணவருக்குக் கல்லூரியில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு செமஸ்டர். வளாக நேர்காணல்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். வேலை தேட உதவும் என்பது சரி, படிக்க உதவுமா? முதலாண்டு மாணவருக்குக் கொடுத்தால் அதே கணினி மூன்று வருடம் உழைக்கும். இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே ஆண்டில் கொடுக்கப் பணம் போதாது என்றால், இறுதியாண்டை ஒருமுறை முடித்துவிட்டு, அடுத்த ஜூனிலிருந்து முதலாண்டுக்கு மாற்றுவதே முறை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த ஜூன் மாறக் கூடாது. சத்துணவுக்கு எந்த அரசும் தேதி தள்ளிப் போடுவதில்லை. பாடப்புத்தகம் பள்ளி திறக்கும் நாளில் வந்துவிடுகிறது. கணினியையும் அந்த வரிசையில் வைக்க என்ன தடை?

டெண்டரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். விவரக்குறிப்பு எழுதும் நாளுக்கும் கணினி மாணவர் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அந்த ஒரு வருடத்தில் கணினி பழசாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் விவரக்குறிப்பைப் புதுப்பிக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பழுது பார்க்கும் மையம் மதுரையில் இருக்கிறது என்றால் சாத்தூர்ப் பிள்ளைக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். தாலுகாவுக்கு ஒன்று என்று கேட்பது அதிகமல்ல.

சொந்தப் பணத்தில் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போதைக்கு 8 ஜிபி வாங்கிக்கொள்ளலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். மெலிதான மாடல்கள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; பிறகு கூட்டவே முடியாது. தனி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். பெட்டியில் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். ஒரு லேப்டாப்பின் விலை ஒரு பட்டாசுத் தொழிலாளியின் இரண்டு மூன்று மாதக் கூலி. அதைக் கொடுத்து வாங்குபவருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சமே வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு ஆறாத குறை, நடுவில் விடுபட்டவர்களைப் பற்றியது. 2020-21 தொடங்கி பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பள்ளியில் பழைய திட்டம் கிடைக்கவில்லை. அவர்களில் 2025-க்குள் கல்லூரிப் படிப்பையும் முடித்துவிட்டவர்களுக்குப் புதிய திட்டமும் இல்லை. கொரோனாவில் கைபேசியில் படித்தவர்களும் அவர்கள்தான். இன்று வேலை தேடி விண்ணப்பம் அனுப்ப பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். ஆணுக்குச் சரி, இருட்டிய பிறகு பெண்ணுக்கு அதுவும் முடியாது. அவர்களுக்கும் இலவசமாகவே கொடுங்கள் என்று கேட்கவில்லை. எல்காட் பேசி வாங்கிய அதே மொத்த விலையில், மாவட்டக் கூட்டுறவு வங்கி மூலம், வட்டியில்லாத் தவணைக்கு விற்கலாம். தவணையை மாதா மாதம் கேட்காமல், இந்த வட்டாரத்துக்கு மட்டுமாவது, பெரும் பகுதியைத் தீபாவளி போனஸ் மாதத்தில் கட்டும்படி வைக்கலாம். கடன் திரும்பி வருமா என்று வங்கி தயங்கினால், மகளிர் குழுக்களின் கடன் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.